மூன்றாம் ஞாயிறு மதியம்

பழனி ஆண்டவர் துணை

பெரும்பாறை,
மார்கழி 7, திங்கள்.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

சண்முகசுந்தரி எழுதுவது. நானும் பிள்ளை லாவண்யாவும் சுகம். நீங்கள் சுகமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. கேட்டால், "நல்லா இருக்கேன், வேலைதான் ஜாஸ்தி" என்று ஒரே பதில் வரும். மூன்று வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

போன் இருக்க, வீடியோ இருக்க, இவள் எதற்குப் பேனாவைத் தூக்கினாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஆரம்பித்தால் நீங்கள் "மீட்டிங் இருக்கு சுந்தரி" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. செல்வமுருகன் அண்ணன் மகள் ஜெயப்பிரியா உங்கள் டொரோண்டோவுக்குத்தான் மேல்படிப்புக்கு வருகிறாள். அவள் பெட்டியில் நம் தோட்டத்துக் காப்பித்தூளும் மிளகும் வைத்து, நடுவில் இதையும் வைத்திருக்கிறேன். ஓர் இடத்தில் உட்கார்ந்து முழுதும் படியுங்கள். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கிறார்கள், சரி என்று சொல்லட்டுமா என்று கார்த்திகையில் கேட்டீர்கள். பொங்கலுக்குள் சொல்கிறேன் என்றேன். அந்தப் பதில் இதில்தான் இருக்கிறது.

இங்கே மூடுபனிக் காலம். காலையில் கதவைத் திறந்தால் களம் இல்லை, காப்பிச் செடி இல்லை, ரோடு இல்லை. வெள்ளையாக ஒன்று வாசல்படி வரைக்கும் வந்து நிற்கிறது. சன்னலைத் திறந்து வைத்தால் கேட்காமலே உள்ளே வந்துவிடும். போன வாரம் அடுப்படியில் நின்றுகொண்டு, கூடத்தில் இருந்த லாவண்யாவைக் குரல் கொடுத்துத் தேடினேன். உச்சிக்கு முன்னால் சற்று விலகும். அப்போது கீழே மருதாநதி அணை ஒரு தாம்பாளம் மாதிரித் தெரியும், அய்யம்பாளையத்துத் தென்னந்தோப்பு தெரியும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது மறுபடி மூடிக்கொள்ளும். பாதி நாள் நான் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்றே தெரிவதில்லை.

காப்பிப் பழம் பறிப்பு பாதி முடிந்தது. வெயில் இல்லாததால் களத்தில் கொட்டியது காயமாட்டேன் என்கிறது. பாப்பம்மாள்தான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு விடியுமுன்னே வந்து நிற்கிறாள். ஒரு காட்டுமாடு வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து நம் ஆரஞ்சு மரத்தடியில் படுத்திருந்தது. பாப்பம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏலே, இது ஒங்கப்பன் வீட்டுத் தோட்டமா? எந்திரிலே" என்று அதட்டினாள். அது அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அசைபோட்டது. பிறகு அதுவாக எழுந்து, பனிக்குள் போய்க் கரைந்துவிட்டது.

அவள் ஒருநாள் என் ஆபீஸ் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையையும் பச்சை எழுத்தையும் பார்த்துவிட்டு, "ஏத்தா, நாளு பூரா இதுக்கு முன்னாடியே கெடக்கியே, அப்படி என்ன சோலி?" என்று கேட்டாள். அவளுக்கு மெயின்பிரேமைப் பற்றி என்னவென்று சொல்வது? கனடாவில் ஒரு பேங்குக்குப் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது, ஆயிரம் பக்கத்திலிருந்து அதற்குள் ஆட்கள் வந்து போகிறார்கள், யார் எந்த வாசலில் வரலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், பேசாமல் நின்றால் எப்போது வெளியே தள்ளலாம் என்று விதி எழுதி வைப்பதுதான் எங்கள் இரண்டு பேர் வேலையும் என்றேன். உடனே, "அப்ப மலையடிவாரச் செக்போஸ்ட்டு சோலின்னு சொல்லு. இதுக்குப் போயி ஒம்புருசன் கடல் தாண்டணுமாக்கும்" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருபது வருஷம் படித்துப் பார்த்த வேலையை அவள் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் மூன்றாம் ஞாயிறு கழிந்ததிலிருந்து என் இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது. மூடுபனி இறங்கினால் நம் வீட்டு லைன் கொஞ்ச நேரம் பேச்சு மூச்சில்லாமல் போகும், உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் பனி விலகியதும் திரை விட்ட இடத்திலேயே நிற்கும். இப்போது பனி வந்தால் பொத்தென்று வெளியே தள்ளிவிட்டது. மறுபடி பெயர் சொல்லி, கடவுச்சொல் சொல்லி, முதலிலிருந்து உள்ளே போக வேண்டும். அரைகுறையாக எழுதியதெல்லாம் போச்சு. நான் இன்டர்நெட் டிஷ்ஷைத்தான் சந்தேகப்பட்டேன். பாப்பம்மாள் ஏணியைப் பிடிக்க, ஓட்டின் மேல் ஏறி அதை இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன். இன்டர்நெட்காரரை வத்தலக்குண்டிலிருந்து வரவழைத்துச் சண்டை போட்டேன். பாவம், அவர் ஒரு குற்றமும் செய்யாதவர். போகும்போது ஆரஞ்சு கொடுத்து அனுப்பினேன்.

கடைசியில் சென்னையில் இருக்கும் நம் டீம் முகேஷிடம் கேட்டேன். அவன் உள்ளே பார்த்துவிட்டு, "லைன்ல ஒண்ணும் இல்லக்கா. உங்க டெர்மினலுக்குன்னு இருந்த தனி ரூல் போயிருச்சு, அதான்" என்றான். எனக்கு என்ன தனி ரூல் என்று கேட்டேன். எல்லோரையும் அந்த மிஷின் அவ்வப்போது "இருக்கிறாயா" என்று தட்டிப் பார்க்கும், பதில் வராவிட்டால் அறுத்துவிடும். எனக்கு மட்டும் அவசரப்படாமல் வெகுநேரம் பொறுத்துப் பார் என்று ஒரு விதி இருந்ததாம். "அது ஃபைல்ல இல்லவே இல்லக்கா. மூணாவது ஞாயிறு ஒவ்வொரு ரீஸ்டார்ட் முடிஞ்சதும் கதிர் அண்ணன்தான் கையால ஏத்தி விடுவாரு. அண்ணன் போனப்புறம் யாரு ஏத்துறது?" என்று சாதாரணமாகச் சொன்னான்.

அண்ணன் போனப்புறம்.

உங்கள் வேலை ஐப்பசியிலேயே முடிந்துவிட்டது என்பது பெண்டாட்டிக்குத் தெரியாமலா இருக்கும் என்று அவன் நினைத்திருக்கிறான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா தம்பி, மறந்தே போயிட்டேன்" என்றேன். பனி ஜாஸ்தியாக இருக்கிறது, முகம் தெரியாது என்று கேமராவை அணைத்தேன். உங்களுக்காகப் பொய் சொன்னது எனக்கு ரொம்ப சுலபமாக வந்தது. அதுவே எனக்கு ஆச்சரியம்.

முதலில் வந்தது கோபம்தான். மறைக்க மாட்டேன். இல்லாத ஒப்பந்தத்துக்கு இரண்டு வருஷம் கேட்க உங்களுக்கு எப்படி வாய் வந்தது? நானும் மடைச்சி மாதிரி சரி என்று சொல்ல மனதைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அதற்குள் வேறு எங்காவது ஒரு வேலையைப் பிடித்துவிட்டால் இவளுக்குத் தெரியவே வேண்டாம் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அரிசி களைந்துகொண்டிருந்த பாத்திரத்தைத் தொட்டியில் போட்ட சத்தத்தில் வெளியே கோழி பறந்தது.

பிறகுதான் மூன்றாம் ஞாயிறு ஞாபகம் வந்தது. அந்த ஞாயிறு மதியம் நான் போன் செய்தால் மட்டும் நீங்கள் எடுக்கவே மாட்டீர்கள். மற்ற மூன்று ஞாயிறு எடுப்பவருக்கு அன்று மட்டும் என்ன என்று எத்தனை சண்டை! உங்கள் ஊரில் அது நடு ராத்திரி, தூங்கினேன் என்பீர்கள். தூங்கவில்லை. பேங்கின் மிஷினை அணைத்து ஏற்றும் நேரம் அது. எல்லாம் முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு, நீங்கள் மட்டும் உட்கார்ந்து என் விதியை ஏற்றியிருக்கிறீர்கள். மூன்று வருஷமாக ஒரு மாதம்கூட விட்டதில்லையாம். முகேஷ் சொன்னான். நானோ, இந்த மனுஷனுக்கு என்மேல் ஒரு சொட்டுப் பிரியம் இருக்கிறதா என்று பாப்பம்மாளிடமே புலம்பியிருக்கிறேன்.

போன மாதம் மூன்றாம் ஞாயிறு மதியம் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தீர்கள். அப்பாடா, மனுஷன் மாறிவிட்டார் என்று அன்று பூரா எனக்குச் சந்தோஷம். பாயசம் வைத்தேன். இப்போதுதான் புரிகிறது. நடு ராத்திரியில், ஏற்றுவதற்கு ஒன்றும் இல்லாமல், கையில் போனை வைத்துக்கொண்டு விழித்திருந்தீர்கள்.

ஒருநாள் உங்களோடு வீடியோவில் பேசிவிட்டு வந்து லாவண்யா இன்னொன்று சொன்னாள். "அம்மா, அப்பா ஆபீஸ்ல ஒரு குட்டிப் பாப்பா அழுதுச்சும்மா. அப்பா பின்னாடி பூராம் கதை புக்கு" என்றாள். அன்றைக்கு நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அது நூலகம்தானே? காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய், சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டு வருகிறீர்கள். சாப்பாடு? வெளியே பனி பெய்யும்போது எங்கே போவீர்கள்? உங்கள் ஊர்ப் பனி நம் பனி மாதிரி வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிற சாதி இல்லையே.

இப்போது எனக்கு ஒரு புரோகிராம் வேலை கொடுத்திருக்கிறார்கள். சென்னையில் நாம் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்தபோது நீங்கள் ஆரம்பித்தது அது. நெட்வொர்க் மென்பொருளிடம் போய், இந்த நேரம் யார் யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்று கேட்டு வாங்கி வரும். அந்த மென்பொருளுக்கு ஒரு குணம்: அது சொன்ன முறைப்படி கேட்க வேண்டும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும், கேட்காத ஒன்றைத் தானாக வாய்விட்டுச் சொல்லாது. முகேஷ் பேசிய மறுநாள், உங்கள் பெயரைக் கொடுத்துக் கேட்டேன். கண் மூடித் திறக்குமுன் பதில் வந்தது: பூஜ்யம். போனில் நானும் உங்களிடம் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்றுதான் கேட்டிருக்கிறேன். நீங்களும் கேட்டதற்குப் பதில் சொன்னீர்கள். உங்களுக்கு என்ன ஆச்சு என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் பனி வீட்டுக்குள் வந்துவிட்டது. மேசையிலேயே தலை சாய்த்துக் கண்ணயர்ந்தேன். கனவில் நீங்கள் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஏறி வருகிறீர்கள். தோளில் அந்த ஊர்ப் பனி, உதிராமல் அப்படியே இருக்கிறது. எல்லாச் செடியும் பூத்திருக்கிறது. மார்கழியில் எங்கே காப்பி பூத்தது என்று கனவிலேயே யோசிக்கிறேன். வாசலுக்கு வந்து கதவைத் தொட்டீர்கள். கதவு உங்கள் பெயரைக் கேட்டது. சொன்னீர்கள். அப்படி ஒரு பெயர் இல்லை என்றது. கோபப்படாமல், "சரிங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, பையை வைத்துக்கொண்டு களத்து ஓரத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் உள்ளேயிருந்து கத்துகிறேன், சத்தம் வரவில்லை. விழித்துப் பார்த்தால் கன்னம் முழுக்க ஈரம். பனியா கண்ணீரா தெரியாது. பாப்பம்மாளிடம் சொன்னேன். அவள், "வாசல் வரைக்கும் வந்துருச்சுல்ல, பெறகென்ன? நீ வெரசா கதவத் தெறந்து விடு" என்றாள்.

எழுந்து ஒரு காரியம் செய்தேன். நீங்கள் அந்த விதியை ஏன் நிரந்தரக் கோப்பில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். எழுத வேண்டுமென்றால் பேங்கில் நாலு பேரிடம் காரணம் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரி மலைமேல் இருக்கிறாள், அவளுக்காக என்று சொல்ல உங்களுக்குக் கூச்சம். ஓடுகிற மிஷினில் போட்டது மறு ஏற்றத்தில் நிற்காது, கோப்பில் எழுதினால்தான் நிற்கும் என்று பயிற்சி வகுப்பில் எழுந்து நின்று எங்களுக்கெல்லாம் சொன்னதே நீங்கள்தான். அந்த மேதாவி, கூச்சத்தால் மூன்று வருஷம் கையால் ஏற்றியிருக்கிறார்!

எனக்குக் கூச்சம் இல்லை. என் வீடு பழனி மலையில் இருக்கிறது, மூடுபனி இறங்கினால் லைன் கொஞ்ச நேரம் பேசாது, ஆனாலும் அது செத்துப் போனதில்லை, ஆகவே பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று நேராகவே எழுதிக் கேட்டேன். பேங்கில் இதற்கெல்லாம் அனுமதி கொடுக்கும் அம்மாள், இப்படி ஒரு காரணத்தைத் தன் ஆயுசில் பார்த்ததில்லை என்று சிரித்துவிட்டுச் சம்மதித்தாள். முகேஷ் கோப்பில் சேர்த்தான்.

நேற்று மூன்றாம் ஞாயிறு. மதியம் மிஷினை அணைத்து ஏற்றினார்கள். யாரும் கையால் ஒன்றும் போடவில்லை. நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். சொல்லி வைத்த மாதிரி தாண்டிக்குடிப் பக்கமிருந்து பனி இறங்கி வந்தது. ஆரஞ்சு மரம் போனது, களம் போனது, சன்னல் கம்பி போனது. திரை அசையவில்லை. லாவண்யா வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னம்மா பார்க்கிறாய் என்று கேட்டாள். சும்மா இரு என்றேன். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. எங்கோ சீட்டியடிக்கிற அந்தக் குருவி மட்டும் பனிக்குள்ளிருந்து இரண்டு தடவை கூப்பிட்டது. பிறகு ஆரஞ்சு மரம் மெல்லத் திரும்பி வந்தது. நான் ஓர் எழுத்தைத் தட்டினேன். திரையில் விழுந்தது. விட்ட இடத்திலேயே இருந்தேன். யாரும் என்னை வெளியே தள்ளவில்லை. ஓவென்று அழுதுவிட்டேன். லாவண்யா பயந்துபோனாள். அப்பா கொடுத்த வேலை நன்றாக முடிந்தது, அதுதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மற்றது நீங்கள் வந்து சொல்லிக்கொள்ளுங்கள்.

இப்போது பதில். இரண்டு வருஷம் தர மாட்டேன். இரண்டு மாதமும் தர மாட்டேன். வேலை போனது உங்கள் குற்றம் இல்லை. இங்கே வந்து தேடுங்கள். கிடைக்கிறபோது கிடைக்கட்டும். அதுவரைக்கும் மிளகுக் கொடி கனத்துத் தொங்குகிறது, பறிக்க ஆள் பற்றவில்லை. உங்களுக்கு ஏணி ஏற வராது. கீழே நின்று பிடித்துக்கொள்ளலாம், அதற்கு அனுபவம் வேண்டாம். ஊரில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று தலையைக் குனிந்துகொள்ளாதீர்கள். பாப்பம்மாளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள், "செக்போஸ்ட்டுக்காரனுக்கு மாத்தல் வர்றதுதான, இதுக்கா மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு அங்கன கெடக்காரு?" என்றாள். அவ்வளவுதான் உலகம்.

பொங்கலுக்கு டிக்கெட் கிடைக்காவிட்டால் தைப்பூசத்துக்குள் வாருங்கள். மூன்று பேரும் பழனிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். செருப்பில்லாமல் நடக்க நீங்கள் முனகுவீர்கள் என்று அவனுக்கும் தெரியும்.

வத்தலக்குண்டில் இறங்கி மலை பஸ்ஸைப் பிடியுங்கள். வாசலில் பெயர் சொல்ல வேண்டியதில்லை. நானும் லாவண்யாவும் பெரும்பாறை ஸ்டாப்பிலேயே வந்து நிற்போம். அந்த நேரம் மூடுபனி இறங்கினால் பஸ் வளைவுக்கு வளைவு நின்று நின்றுதான் ஏறும், விளக்குகூடக் கண்ணுக்குத் தெரியாது. நேரமாகிவிட்டதே, போயிருப்பார்களோ என்று உள்ளே உட்கார்ந்து நினைக்காதீர்கள். நின்றுகொண்டிருப்போம்.

உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கும்படி ஆண்டவனை வேண்டும்,
உங்கள் சுந்தரி